பள்ளிப் பிள்ளைகளுக்கு மழைநீர்த் தொட்டி: நன்கொடை வேண்டுகோள்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் நம் ஊர்ச் சனங்களுக்கும், பிழைப்புக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் போன சொந்தங்களுக்கும் குடிநீர்க் கமிட்டியின் வணக்கம்.

நம் பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். "ஒழுங்காப் பல்லு வெளக்குறதில்ல" என்று நாமே அதட்டியும் இருக்கிறோம். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் காவிக் கறை போகாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில், அதாவது பல்லின் கடினமான மேலுறையில், ஏறிவிட்ட கறை அது. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடுதான் காரணம்.

புளோரைடு யாரும் கொட்டிய கழிவில்லை, பூமியிலேயே உள்ளது. நம் மண்ணுக்கடியில் இருக்கும் கருங்கல், நைஸ் என்னும் வரிப்பாறை ஆகியவற்றில் புளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்கள் உண்டு. தண்ணீர் பாறை இடுக்கில் எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனைக்குக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து குறைந்து காரம் கூடிய தண்ணீரில் இன்னும் அதிகமாகக் கரையும். மேல்கிணறு வற்றி, ஆழத்துக்குப் போகப் போக நாம் குடிப்பது பாறையில் ஊறிக் கிடந்த தண்ணீரை. நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் பல ஊர்களுக்கும் இதே பாடுதான். புளோரைடால் வரும் இந்த நோய் இந்தியாவில் முதலில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம்.

சிறிதளவு புளோரைடு பல்லுக்கு உரம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. பள்ளி போர்வெல் தண்ணீரைச் சோதித்தபோது அது இந்த வரம்பைத் தாண்டியிருந்தது. பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தால் எலும்பிலும் சேர்ந்து மூட்டும் முதுகும் இறுகிவிடும். தயவுசெய்து ஒன்றை நினைவில் வையுங்கள்: காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும்.

எட்டு வயதுக்குள்தான் பெரும்பாலான நிலைப்பற்களின் எனாமல் உருவாகிறது. ஆகவே அங்கன்வாடியிலும் பள்ளியிலும் முதலில் தொடங்குகிறோம். ஆர்.ஓ. மெஷினையும் யோசித்தோம். கரண்ட், பில்டர் மாற்றும் செலவு, வீணாகும் தண்ணீர் மூன்றையும் பார்த்து மழைநீரையே தேர்ந்தோம். மழைநீரில் புளோரைடு அனேகமாக இல்லை.

பிள்ளைகள் 120 பேர். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 2 லிட்டர், 200 பள்ளி நாள் என்றால் 48,000 லிட்டர் வேண்டும். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர். 300 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக இந்த அளவு கிடைத்துவிடும். 50,000 லிட்டர் தொட்டி, மணல்–கரி வடிகட்டி, கூரை அழுக்கோடு வரும் முதல் மழையை வெளியேற்றும் குழாய் எல்லாம் சேர்த்து மதிப்பீடு 4 லட்சம் ரூபாய். கையில் 1,35,000 இருக்கிறது.

நீங்கள் தரும் ஒவ்வொரு 1,000 ரூபாயும் 125 லிட்டர் கொள்ளளவு. பணம் முடியாதவர்கள் இரண்டு நாள் வேலைக்கு வாருங்கள். குழி வெட்டவும் கம்பி கட்டவும் ஆள் வேண்டும். ஞாயிறு காலையில் பள்ளித் திண்ணையில் பொருளாளர் இருப்பார். கொடுத்ததும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவும் செலவும் மாதாமாதம் பள்ளிச் சுவரில் ஒட்டப்படும். வைகாசி முடிவதற்குள் தொட்டி பூசி, தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டால் ஆனி மழையைப் பிடித்துவிடலாம்.