தங்கராசுவுக்கு ஒரு வேலை கொடு

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டப்போகிறாய். போனில் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் காப்பி டம்ளர் கதையை இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

விஷயம் தங்கராசுவைப் பற்றி. போன மாத நாடகத்தில், இரண்டாம் காட்சி நடுவே, அவனுக்கு வசனம் அப்படியே நின்றுபோனது. திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தும் காதில் ஏறவில்லை. ஒட்டுமீசையோடு இறங்கி வெளியே போனவன்தான். ஒத்திகைப் பக்கம் இப்போது தலைவைத்துப் படுப்பதில்லை. "எனக்கு முடிஞ்சு போச்சு" என்கிறான். நம்மையெல்லாம் அந்தக் காலத்தில் என்ன விரட்டு விரட்டினான், ஞாபகம் இருக்கிறதா?

இந்தக் கவலையோடு இருக்கும்போதுதான் வீட்டில் மகள் 'ஏலியன்' போட்டாள். 1979 படம். அதில் ஆஷ் என்று ஒரு விஞ்ஞானி வருவான். மனுஷன் மாதிரியே இருப்பான், ஆனால் இயந்திரம். அந்த உண்மை வெளிப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், நெற்றியிலிருந்து வெள்ளையாக ஒரே ஒரு துளி வழிகிறது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. "இவர்தான்பா 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்துல வர்ற பில்போ" என்றாள் மகள். இயன் ஹோம். அப்புறம் ஒரு வாரம் அந்த ஆளைத் தேடித் தேடிப் படித்தேன். நீ சிரிப்பாய், சிரி.

1931-இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு மனநல மருத்துவமனை வளாகத்தில் பிறந்தவர். அப்பா அங்கே டாக்டர். (பைத்தியம் பிடித்த மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக 1994 படத்தில் நடித்தார். யோசித்துத்தான் கூப்பிட்டார்களோ என்னவோ!) ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டில் சின்னச் சின்ன வேஷங்களில் ஆரம்பித்து, 1959-இல் சார்லஸ் லாட்டன் லியர் மன்னராக நடித்தபோது கோமாளி வேஷம் கட்டினார். குள்ளமான ஆள். ஆனாலும் ஐந்தாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்ட் இரண்டையும் செய்திருக்கிறார். நாடகாசிரியர் ஹரால்ட் பின்டரின் 'ஹோம்கமிங்' நாடகத்தில் லென்னியாக நடித்து 1967-இல் நியூயார்க்கில் நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார்.

இப்படிப்பட்டவருக்கு 1976-இல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் நடந்ததைக் கேள். யூஜீன் ஓநீலின் 'ஐஸ்மேன் கமெத்', முன்னோட்டக் காட்சி. ஹிக்கி வேஷம், மூச்சுவிடாமல் பேச வேண்டிய பாத்திரம். பாதியில் பயம் பிடித்துக்கொண்டது. மேடையை விட்டுப் போனவர் அந்த நாடகத்துக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு பல வருடம் மேடையை ஏறக்குறைய மறந்தேவிட்டார். நம்ம ஆள் மாதிரியேதான், மீசை மட்டும் இல்லை.

அதற்குப் பின்னால் வந்ததுதான் 'ஏலியன்'. அப்புறம் 1981-இல் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. இதை நீ பார்த்தே ஆக வேண்டும், முருகேசா. சாம் முஸபினி என்று ஓட்டப் பயிற்சியாளர் வேஷம். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் என்பதால் 1924 பாரிஸ் ஒலிம்பிக் மைதானத்துக்குள் அவரால் போக முடியவில்லை. பந்தயம் நடக்கும்போது பக்கத்தில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தேசிய கீதம் கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிரிட்டன் கொடி ஏறுகிறது. அவர் பழக்கிய பையன் ஜெயித்துவிட்டான்! தொப்பிக்குள் ஒரு குத்து விடுகிறார், வைக்கோல் கிழிந்து கை வெளியே வருகிறது. ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆனது. கொடுத்தது ஜான் கில்குட் என்ற இன்னொரு நடிகருக்கு. போகட்டும்.

மேடைக்குப் போகப் பயந்து வெளியே நின்ற ஆளுக்கு, மைதானத்துக்கு வெளியே நிற்கிற வேஷம். அந்த அறையை அவர் எங்கும் போய்த் தேடியிருக்க வேண்டாம் என்று எனக்குப் படுகிறது.

1993-இல் மேடைக்குத் திரும்பி வந்தார், பின்டரின் 'மூன்லைட்'. சாகக் கிடக்கும் மனிதன் வேஷம், ஏறக்குறைய நாடகம் முழுக்கப் படுக்கையில். திரும்பி வருவதென்றால் இப்படி வரவேண்டும்! 1997-இல் நேஷனல் தியேட்டரின் சின்ன அரங்கில் லியர் மன்னராகவே நின்றார். ஒரு காலத்துக் கோமாளி, அறுபத்தைந்து வயதில். புயல் காட்சியில் உடம்பில் துணி இல்லை, பார்க்கிறவர்கள் கையெட்டும் தூரத்தில். அதற்கு லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருது கிடைத்தது, சர் பட்டமும் வந்தது. 2020-இல், எண்பத்தெட்டு வயதில் காலமானார்.

இதையெல்லாம் தங்கராசுவிடம் ஆரம்பித்தேன். பாதியிலேயே கேட்டான்: "அவருக்கு சினிமா இருந்துச்சு. எனக்கு என்னடா இருக்கு?" வாயடைத்துப் போனேன். உண்மைதானே. ஞாயிற்றுக்கிழமை நாடகம் தவிர அவனுக்கென்று இருந்தது அந்தக் கடைதான். கடையையும் இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன்.

அப்புறம்தான் ஒன்று பொறிதட்டியது. அதே 1981-இல் பிபிசி வானொலியில் அந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையே தொடராக வந்தது. கதாநாயகன் ஃப்ரோடோவுக்குக் குரல் இயன் ஹோம். வானொலியில் வசனம் கையிலேயே இருக்கும், எதிரே கூட்டமும் கிடையாது. நீ இப்போது ஒலிப்புத்தகம் பதிவு செய்கிறாயே, தங்கராசு குரலுக்கு அங்கே ஒரு மூலை கிடைக்காதா? சிறுகதை ஒன்று கொடுத்துப் பார். கிழவன், போலீஸ்காரன், பேய், எல்லாக் குரலும் அவனிடம் உண்டு.

நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, முறுக்கிக்கொள்வான். ஆள் கிடைக்கவில்லை, அவசரம் என்று சொல். சம்பளம் பேசாதே, வண்டிச் செலவு கொடுத்தால் போதும். இந்த வாரமே போன் செய், ராத்திரி எட்டுக்கு மேல் எடுப்பான்.

அன்புடன்,
சேகர்