டாப் ஸ்டேஷன் ரயிலைத் தேடித் தந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். 1924 வெள்ளத்தில் அழிந்துபோன மூணாறு ரயிலைப் பற்றி போடியில் மூன்று நாள் நாங்கள் வைத்த கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நல்லபடியாக முடிந்தது. படங்களைக் கழற்றி, இரவல் வாங்கியதை எல்லாம் அவரவர் வீட்டில் சேர்த்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி நன்றி சொல்ல ஆசைதான், ஆனால் உதவினவர்கள் போடி, குரங்கணி, அதற்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலைக்கிராமம், மூணாறு என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறீர்கள், அதனால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் போடவில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் அப்பத்தாவின் அப்பா கொட்டகுடியில் மாட்டுவண்டி ஓட்டியவர். மேலேயிருந்து கம்பியில் இறங்கி வரும் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியே கிளம்பினால் விடியும்போது போடி வந்துவிடலாம் என்று அப்பத்தா சொல்லும். கம்பிக்கு மேலே என்ன இருந்தது என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. டாப் ஸ்டேஷன் என்றால் மேகம் பார்க்கப் போகிற இடம், அவ்வளவுதான். அங்கே நிஜமாகவே ஒரு ரயில் வந்து நின்றது என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் விடாமல் அலைந்தேன்.

வரமுடியாமல் போனவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பெருகப் பெருக, அதைக் கீழே இறக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஆமாம், ஒன்றே ஒன்றுதான். இஞ்சின் கிடையாது, இழுத்தது மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலத்தில் ஜோடித் தண்டவாளம் போட்டு நீராவி இஞ்சின் விட்டார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனில் இறக்கிய பெட்டிகள் ரோப்வேயில் தொங்கி ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு வரும், அதனால் கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் விழுந்தது. அங்கேயிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வண்டிப்பாதை. எங்கள் பாட்டனார் வருவது இந்த இடத்தில்தான். அந்தத் தேயிலை கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி எப்படிச் சாயாமல் நின்றது என்பது எனக்கு ஆறு மாதம் புரியவே இல்லை. டெல்லியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன்தான் விடுமுறையை விட்டுவிட்டு அங்கே ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய், பட்டியாலா சமஸ்தானத்தில் 1907-இல் இதே முறையில் ஓடிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பினான். பாரம் பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல் உட்காரும், ஒரு பக்கம் தள்ளி இருக்கிற பெரிய சக்கரம் சும்மா ரோட்டில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். கண்காட்சியில் பிள்ளைகள் கையால் தள்ளி விளையாடிய அந்த மர மாதிரி அவன் வீடியோவைப் பார்த்து நம் ஊர் ஆசாரி அண்ணன் செய்தது. கூலி வாங்கவில்லை. மாட்டைக்கூட அவரே செதுக்கிவிட்டார், கொம்பு வைத்து.

சென்ட்ரல் ஸ்டேஷன் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வயது தொண்ணூறுக்கு மேல். ரயிலை அவர் பார்த்ததில்லை, அவர் அம்மா பார்த்தவர். தண்டவாளம் எவ்வளவு அகலம் இருக்கும் பாட்டி என்று கேட்டேன். பேசாமல் திண்ணையில் முழங்கையை ஊன்றினார், விரல்நுனி வரைக்கும் ஒரு முழம், அதற்கு மேல் இன்னொரு கையின் நாலு விரலை வைத்து, மறுபடி நாலு விரல் வைத்தார். "எங்கம்மா இப்படித்தான் காட்டும் ஆத்தா" என்றார். அந்தக் கைகளை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, கூட வந்த ஜீப்காரத் தம்பியிடம் டேப் வாங்கி அளந்து பார்த்தேன். இரண்டு அடிக்கு ஒரு விரல்கடைகூட வித்தியாசமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கைகளின் படத்தைத்தான் வாசலிலேயே பெரிதாக மாட்டியிருந்தோம்.

அந்த ஜீப்காரத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எத்தனை நடை என்று கணக்கில்லை, டீசலுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். மாட்டுக்கொட்டகை விட்டத்தில் இருந்த தண்டவாளத் துண்டைக் கழற்றித் தந்த பெரியவர் வீட்டுக்கு வழி காட்டியதும் அவர்தான். வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரம் கிடந்ததைத் தன் தாத்தா தோளில் தூக்கி வந்ததாகப் பெரியவர் சொன்னார். நம் பெரிய ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள், இது உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை, நுனியில் போல்ட் போட இரண்டு ஓட்டை, அடிப்பக்கம் மட்டும் துரு செதிலாக உரிகிறது, மேல்பக்கம் மாட்டுக்கயிறு உரசி உரசி வழவழவென்று இருக்கிறது. அதைத் தருவதற்காகக் கொட்டகைக்கு ஒரு வாரம் மூங்கில் முட்டுக் கொடுத்தாரே, அந்த மனசு யாருக்கு வரும்?

வெள்ளம் என்றேன் அல்லவா, 1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099 என்பதால் மூணாறில் இன்றைக்கும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்றுதான் பேச்சு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்று ஆறும் கூடுகிற இடம் மூணாறு, மூன்றும் ஒரே சமயத்தில் பொங்கினால் என்ன ஆகும்? ஊர் முழுகியது. தண்டவாளம், பாலம் எல்லாம் போயிற்று. ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தையும் சேர்த்து மொத்தம் 22 வருடம்தான் அதன் ஆயுள். இதைப் பற்றி மலையாளத்தில் இருந்ததை எல்லாம் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்கு வரிவரியாகப் படித்துச் சொன்ன மூணாறு டீச்சரம்மா, உங்கள் வீட்டுக் கட்டன் சாயாவுக்கும் சேர்த்து நன்றி. பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனி அலுவலகம், அதை வெளியே நின்று ஆசைதீரப் பார்க்க விட்ட காவலாளி அண்ணனுக்கும், நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரத்தைப் பார்க்க நான் நாலாவது தடவை போனபோதும் சிரித்த முகமாகப் பேசின ஊழியர்களுக்கும் நன்றி.

எனக்கு மனசு ஆறாத ஒன்று இருக்கிறது. 1924-இல் மலைமேல் ரயில் அழிந்து போனது, 1928-இல்தான் போடிக்கே ரயில் வந்தது. மேலே ரயில் ஓடிய காலம் முழுக்க இங்கே கீழே மாட்டுவண்டிதான். நாலு வருடம் முந்தியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒருத்தராவது பார்த்திருப்பார். நம் தண்டவாளத்தையும் 1942-இல் உலகப்போருக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், 1950-களில்தான் திரும்பி வந்தது, அப்புறம் அகலப்பாதை வேலைக்காக 2010-இல் நின்ற ரயில் 2023-இல்தான் மறுபடி போடி வந்தது. ரயில் இல்லாமல் போவது என்றால் என்ன என்று நம் ஊருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ இவ்வளவு கூட்டம் வந்தது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், தருகிறோம் என்று சொன்ன இடம் கையை விரித்துவிட்டது. சரி, அது போகட்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து "சாவி இந்தாங்க, வாடகைப் பேச்சே வேண்டாம்" என்று சொன்ன மண்டபத்துக்காரம்மா, மூன்று நாளும் வந்தவர்களுக்குச் சுக்குமல்லிக் காப்பி போட்ட அக்காமார், சுவர் நீளத்துக்கு ரயில் பாதையை வரைந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், உங்களை எல்லாம் நான் மறக்கமாட்டேன்.

தண்டவாளத் துண்டு திங்கட்கிழமை கொட்டகைக்குத் திரும்பிவிட்டது, அதே விட்டத்தில், அதே இடத்தில். படங்களின் நகல் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள், தருகிறேன். கொட்டகுடியில் தேயிலை ஏற்றிய வண்டிகளின் படம் மட்டும் இன்னும் எங்கும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து அங்கேயே படம் பிடித்துக்கொள்கிறேன், வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகமாட்டேன்.