வெறுமையாய்க் காத்திருக்கும் தீவனத் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

இயேசு பிறப்பு விழாவான நத்தார் நெருங்கும்போது புத்தாடையும் கேக்கும் மின்விளக்கு அலங்காரமுமே எங்கும் பேச்சாக இருப்பதைக் காணும் கத்தோலிக்கன் என்ற வகையில், இப்பெருவிழாவின் ஆன்மிகப் பொருளை நினைவூட்ட விரும்புகிறேன். நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் வாங்கிக் குவிப்பதற்கல்ல, மனந்திரும்பிக் காத்திருப்பதற்கே தரப்பட்டவை. இயேசு பிறந்த காட்சியைச் சிலைகளால் அமைக்கும் எங்கள் வீட்டுப் பாலன் குடிலில் மரியாளும் சூசையப்பரும் முன்னரே இடம்பெற்றாலும், வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி டிசெம்பர் 24 நள்ளிரவுவரை வெறுமையாகவே இருக்கும். திருப்பலி முடிந்து வந்த பின்னர் வீட்டின் கடைக்குட்டிதான் அதில் பாலனைக் கிடத்துவாள். விடுதியில் இடம் கிடைக்காத பெற்றோருக்குப் பிள்ளையாகப் பிறந்து, அச்செய்தியை வயல்வெளியில் கிடை காத்த இடையர்களுக்கே முதலில் அறிவித்த இறைவன், யாருடன் தங்க விரும்புகிறார் என்பதை லூக்கா நற்செய்தி ஐயமின்றிக் காட்டுகிறது. ‘கடவுள் நம்மோடு’ எனப் பொருள்படும் இம்மானுவேல் என்ற இயேசுவின் பெயரை, 2004இல் நத்தாருக்கு மறுநாளே உறவுகளை ஆழிப்பேரலையில் கடலுக்குப் பறிகொடுத்த எமது கரையோர மக்கள் கண்ணீரோடுதான் உச்சரிக்கிறார்கள். ஆகவே, அலங்காரச் செலவில் ஒரு பங்கையேனும் தனித்து வாழும் முதியோருக்கு ஒதுக்குமாறு எம் ஆலயப் பங்கு மக்களை அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.