பெட்டியின் மேல் எழுதிவிடுங்கள்: கேமரா, எடிட்டிங் மென்பொருள் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

எச்.265 (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை), 10-பிட், 4:2:2 (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்ற அளவுகள்) என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பெற்ற பிள்ளைகள்தாம். அவற்றை மேய்க்கும் வேலை மட்டும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு வீடியோ கடை வைத்திருக்கும் என் தலையில் விழுந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பாட்டிக்கு 80 வயது நிறைவு விழா. சனிக்கிழமை இரவு மண்டபத்தில் திரையிட ஒரு படம் கேட்டார்கள். பேரன் புதுக் கேமராவில் 40 நிமிடம் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வந்தான். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். எங்கு பார்த்தாலும் செம்பனையாகிவிட்ட இடத்தில், தப்பிப் பிழைத்த ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைத் தேடிப் பிடித்து, அதனடியில் அவரை நிற்கவைத்துப் பேசச் சொல்லியிருக்கிறான்.

மென்பொருளில் இழுத்துப் போட்டேன். குரல் வந்தது, படம் வரவில்லை. கறுப்புத் திரையிலிருந்து பாட்டி பேசுகிறார்: "கத்தியை இப்படிப் பிடிக்க வேண்டும். பட்டையை இப்படி இழுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். பால் பிடிக்கும் மங்கு இங்கே, இப்படி." எப்படி? அந்த 40 நிமிடமும் அவர் கையில்தான் இருக்கிறது. எனக்குக் கிடைத்ததோ பன்னிரண்டு 'இப்படி'. எண்ணிப் பார்த்தேன்.

"எம்பி4 தானே அண்ணே, கேமராவில் நன்றாக ஓடுகிறதே" என்றான் பேரன். எம்பி4 என்பது தூக்குச்சட்டியின் பெயர். உள்ளே சாம்பாரா ரசமா என்பதை மூடி சொல்லாது என்று அவனுக்குப் புரியவைத்தேன். 2003இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் திறக்கும். 2013இல் வந்த எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், நல்லதுதான். ஆனால் 10-பிட் 4:2:2 ஆகப் பதிவானால் கிராபிக்ஸ் அட்டைகளில் பல கையை விரித்துவிடும். இதைக் கேமரா பெட்டியின் மேல் ஒரு வரி எழுதினால் என்ன? பெட்டியில் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட இடம் இருக்கிறதே!

மென்பொருளாரே, நீங்களும் நழுவ வேண்டாம். கோப்பு என் கண்முன் வட்டில் கிடக்கிறது. உங்கள் நிரலோ அதைக் காணவில்லை என்ற பொருளில் சிவப்புப் பலகை காட்டுகிறது. "இந்த வகையை என்னால் பிரிக்க முடியாது, மாற்றித் தரட்டுமா?" என்று கேட்டால் உங்கள் மானம் போய்விடுமா?

நான்தான் மாற்றினேன். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி, அதை எழுதியவர்கள் நன்றாக இருக்கட்டும். சுருக்கம் தளர்ந்ததும் 40 ஜிபி 200 ஜிபியைத் தாண்டி வீங்கியது. முதல் இரவு விடியற்காலையில் வட்டு நிறைந்து, பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை கடன் வாங்கிய வட்டில் மறுபடியும். அந்த இரண்டு இரவுக்கு நான் யாரிடம் ரசீது நீட்டுவது?

இது இன்றைக்கு வந்த தொல்லையும் இல்லை. 2006இல் ஏவிசிஎச்டி என்ற கேமராப் பதிவு முறை வந்தபோது, மெமரி கார்டிலிருந்து எம்டிஎஸ் என்ற வீடியோக் கோப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து கல்யாணங்களைத் துண்டு துண்டாக்கியவர்கள் உண்டு. இப்போது கைப்பேசிகள்: நொடிக்கு எத்தனை படம் என்ற பிரேம் வேகம் ஏறி இறங்குவதால் ஐயர் வாய் அசைத்துச் சற்று நேரம் கழித்து மந்திரம் கேட்கிறது. போகிற போக்கில் பிளக்கையும் ஆளுக்கொரு வடிவில் செய்துவிடுங்கள், குறை எதற்கு?

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. நான் கேட்பது பணிவான ஒன்றுதான். கேமரா எந்த வகையில் பதிவு செய்கிறது, அதைத் திறக்க என்ன வேண்டும் என்பதைப் பெட்டியின் மேல் எழுதிவிடுங்கள். மென்பொருளின் இலவசப் பதிப்பு எதைத் திறக்காது என்பதையும் பதிவிறக்கும் முன்னே சொல்லிவிடுங்கள்.

விழா முடிந்து பேரன் பாக்கிப் பணத்துடன் வந்தபோது, அடுத்த முறை எந்த வகையில் பதிய வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் 'எச்.264, 8-பிட், 4:2:0' என்று எழுதி, அவன் கேமராவின் அடியில் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டேன். வியர்வையில் அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. தயவுசெய்து அதை நீங்கள் அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வீடியோ கடைக்காரன்