ஐடா அம்மாவுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அன்புள்ள டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவுக்கும், சலோமிக்கும், 1918 இல் வேலூரில் டாக்டருக்குப் படிக்க வந்த முதல் செட் பெண்களுக்கும்,

நீங்கள் யாரும் இன்று இல்லை. இருந்தாலும் இந்த நன்றியை நாலு பேர் பார்க்கச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. சமீபத்தில் என் தங்கைக்குப் பிரசவ நேரத்தில் பிரஷர் எகிறி, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்த டாக்டர், மயக்க மருந்து கொடுத்தவர், நர்ஸ் எல்லாருமே பெண்கள். வெளியே நின்ற எங்களில் ஒருத்தருக்கும் அது புதுசாகத் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் போனதற்குக் காரணம் நீங்கள்.

திண்டிவனத்துக் கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து மனைவிக்குப் பிரசவம் பார்க்க உங்களைக் கூப்பிட்டார்கள், டாக்டரான உங்கள் அப்பாவை அனுப்பட்டுமா என்றதற்கு ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள், மூன்று பெண்களும் பிழைக்கவில்லை. ராணிப்பேட்டையில் பிறந்தும் இந்தக் கிறிஸ்தவ மிஷன் வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த நீங்கள், அமெரிக்கா போய் 1899 இல் கார்னெல்லில் மருத்துவம் முடித்து, 1900 தொடக்கத்தில் வந்து இறங்கினீர்கள். வந்த சில மாதத்தில் அப்பாவும் இறந்துபோனார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிது. வேலூர் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் ஆரம்பித்தீர்கள். உதவிக்கு ஆள் கிடைக்காதபோது சமையல்கட்டில் வேலை பார்த்த சலோமி வந்து கை கொடுத்தார். சலோமி அம்மா, அன்றைக்கு நீங்கள் அருவருப்புப் படாமல் ரத்தத்தையும் சீழையும் துடைத்ததற்கு ஒரு கும்பிடு. நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்த மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரில் 1902 இல் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி எழும்பியது. இப்போது கண் காட்டப் போகிறோமே, அதே ஷெல் ஆஸ்பத்திரி.

குடியாத்தம் ரோட்டில் மாட்டு வண்டியிலும், பிறகு மோட்டாரிலும் வந்து மரத்தடியில் வைத்தியம் பார்ப்பீர்களாம். புண்ணைக் கழுவிக் கட்டுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை என்று வரிசை நீளும் என்று என் ஆயா தன் அம்மா சொன்னதாகச் சொல்லும். மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்று சிலர் சொல்கிறார்கள். மிஷன்தான் அனுப்பியது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்த மரத்தடிக்கு அன்று வேறு எந்தப் பெண் டாக்டர் வந்தார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதல் செட் பெண்களே, ஆறு பேர் விண்ணப்பித்தால் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் அரசாங்க மருத்துவ மேலதிகாரி ஐடா அம்மாவிடம் சொன்னாராம். நீங்கள் அதைவிட நிறையப் பேர் வந்தீர்கள். வயசுக்கு வந்த பெண்ணை வெளியூரில் தங்கவைத்து, பிணத்தை அறுத்துப் படிக்க விட்டதற்கு ஊர் என்ன பேசியிருக்கும்! காது கொடுக்காமல் அனுப்பிய உங்கள் அப்பா அம்மாவுக்கும் நன்றி. 1922 இல் உங்களில் 14 பேர் டாக்டராக வெளியே வந்தீர்கள்.

அந்த 14 பேரின் பேரன் பேத்திகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பாட்டிக்குச் சேர வேண்டிய இந்த நன்றியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று எழுதுங்கள், அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியட்டும்.