லினக்ஸ்சிஎன்சியை விண்டோஸுக்கு மாற்றக் கேட்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய லேத், மில்லிங் மிஷின்களுக்குப் புது கன்ட்ரோலர் போட்டுக் கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. நான் போடுவது லினக்ஸ்சிஎன்சி, கணினியிலிருந்து மிஷினை ஓட்டும், லினக்ஸில் இயங்கும் இலவச மென்பொருள். வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "லினக்ஸ்சிஎன்சி நல்லாத்தான் இருக்குங்க, காசும் இல்லை, ஆனா விண்டோஸ்ல ஓடுற மாதிரி மாத்தித் தர முடியாதுங்களா?" அவர்களுக்குச் சொல்லும் பதிலை உங்கள் பத்திரிகை வழியாக எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. மிஷின் நிமிடத்துக்கு 6,000 மி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். ஒரு மில்லி விநாடிக்கு 0.1 மி.மீ. கணினி வேறு வேலையாகப் பத்து மில்லி விநாடி போய்விட்டால் 1 மி.மீ. தூரத்துக்கு மிஷினுக்குச் சொல்வார் யாரும் இல்லை. பழைய பிரிண்டர் சொருகும் பேரலல் போர்ட் வழியாக, ஒரு மின் துடிப்புக்கு (பல்ஸ்) ஒரு சின்ன அடி (ஸ்டெப்) நகரும் ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டுவது இன்னும் கடினம், 25 முதல் 50 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை நிரல் தவறாமல் எழுந்து பல்ஸ் கொடுக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் மோட்டார் ஸ்டெப்பை விட்டுவிடலாம், அப்புறம் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே மிஷின் வெட்டிக்கொண்டு போகும், ஜாப் குப்பைக்கு.

இந்த நேர உறுதிக்காகத்தான் லினக்ஸ்சிஎன்சி ரியல்-டைம் கெர்னல் கேட்கிறது, அதாவது குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் இயங்குதள மையம். லினக்ஸிலேயே அது சும்மா வந்துவிடவில்லை. சுமார் 20 ஆண்டுகள் தனிப் பேட்சாக (ஒட்டுத் திருத்தமாக) வெளியே இருந்த பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற ரியல்-டைம் வசதி, 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில்தான் முழுதாக உள்ளே சேர்ந்தது. சாதாரண விண்டோஸில் அந்த உறுதி கிடையாது, திருத்தலாமென்றால் மூல நிரல் நம் கையில் இல்லை. விண்டோஸுக்கு விலை கொடுத்து வாங்கும் ரியல்-டைம் நீட்சிகள் உண்டு, ஆனால் காசில்லாத மென்பொருளைத் தேடி வந்தவருக்கு அது எதற்கு?

விண்டோஸ் முயற்சியும் நடக்காமல் இல்லை. லினக்ஸ்சிஎன்சியின் பிறப்பிடம் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், அங்கே அதன் பெயர் இஎம்சி. அரசு எழுதிய நிரல் என்பதால் பதிப்புரிமை இல்லாமல் பொதுவில் விட்டார்கள், விண்டோஸில் ஓடிய மேக்2 என்ற மிஷின் கன்ட்ரோல் மென்பொருள் அதிலிருந்து கிளைத்ததுதான். அடுத்து வந்த மேக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸோடு நின்றுபோனது. அதனால்தான் இன்றும் சில பட்டறைகளில் பழைய எக்ஸ்பி கணினியைத் தூசி தட்டித் தட்டிக் காப்பாற்றுகிறார்கள்.

சரி, வேறு வழி? பல்ஸ் கொடுக்கும் வேலையைத் தனி போர்டுக்குத் தள்ளிவிடலாம். ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் அப்படித்தான், டூல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஜி-கோடு வரிகளைக் கணினி அனுப்பினால் போதும், எந்த இயங்குதளமானாலும் சரி. மூன்று அச்சு மர ரவுட்டருக்கு இதையே நானும் போட்டுத் தருகிறேன். ஆனால் லேத்தில் மரை வெட்ட வேண்டுமென்றால் ஸ்பிண்டில் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் என்கோடரைப் பார்த்துப் பார்த்து டூல் நகர வேண்டும், லினக்ஸ்சிஎன்சியில் ஜி76 என்று ஒரே வரி, ஜிஆர்பிஎல்-இல் அதற்கு வழியே இல்லை.

ஆகவே மிஷினோடு இருக்கும் கணினி லினக்ஸாகவே இருக்கட்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி கூடப் போதும், ஈதர்நெட் கேபிளில் இணையும் மீசா கன்ட்ரோல் கார்டு ஒன்று சேர்த்தால் பல்ஸ் வேலையை அது பார்த்துக்கொள்ளும். விண்டோஸுக்குக் கொண்டுவர வேண்டியது சிமுலேஷனும் (மிஷின் இல்லாமலே கணினியில் ஓட்டிப் பார்ப்பது) மிஷினை இயக்கும் திரையும்தான். சிமுலேஷனுக்கு ரியல்-டைம் தேவையே இல்லை, இன்றே விர்ச்சுவல் மிஷினில் (விண்டோஸுக்குள் ஓடும் இன்னொரு கணினி போன்ற மென்பொருளில்) ஓடுகிறது, ஆனால் ஐடிஐ மாணவர் வீட்டு லேப்டாப்பில் அதை அமைக்க அரை நாள் போகிறது. சாதாரண மென்பொருள்போல இரண்டு கிளிக்கில் ஏறும்படி யாராவது செய்துகொடுத்தால் எத்தனை பிள்ளைகள் மிஷினைத் தொடும் முன்பே ஜி-கோடு ஓட்டிப் பழகுவார்கள்! பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டாக இதை எடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம் இருக்கிறது. கன்ட்ரோலர் போர்டு போன ஒரு லேத், உற்பத்தியாளர் "இந்த மாடலுக்கு ஸ்பேர் நிறுத்தியாச்சு" என்று கையை விரித்ததால் எட்டு மாதம் என் பட்டறையில் சும்மா கிடந்தது. இரும்பில் ஒரு குறையும் இல்லை. இன்று லினக்ஸ்சிஎன்சியில் தினமும் மரை வெட்டுகிறது. புராஜெக்ட் எடுக்கும் மாணவர்கள் அந்த லேத்தில் வந்து சோதித்துப் பார்க்கலாம், மாலை ஐந்து மணிக்கு மேல் அது சும்மாதான் இருக்கும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.