பையர் கேக்குறாங்க சரி, எங்க பில்ல எதுக்குங்க நிறுத்துறீங்க? – ஒரு பவர் டேபிள்காரனோட திறந்த மடல்

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி மொதலாளிமாருக்கும், அங்க பையரோட விதிமுறை, அதான் கம்ப்ளையன்ஸ், பாக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் பவர் டேபிள் நடத்தறவனுங்க, அதாவது நீங்க வெட்டிக் குடுக்கற துணிய கூலிக்குத் தச்சுத் தர்ற சின்ன யூனிட்டு. கரண்ட், தண்ணி, வேஸ்ட்டுன்னு சுத்துச்சூழல் விவரம் கேக்கற உங்க ஆன்லைன் போர்ட்டலப் பத்தித்தான் எழுதறேன். வெளிநாட்டு பையர் கேக்குறாங்கன்னு ஆளுக்கொரு போர்ட்டல் லிங்க் அனுப்புறீங்க, நாங்களும் கெடைச்ச நேரத்துல நிரப்பிட்டுதான் இருந்தோம். போன மாசம் ஒரு கம்பெனிக்கு தச்சுக் குடுத்த பீஸ் செக்கிங் முடிஞ்சு பேக்கிங் ஆகி கன்டெய்னரும் ஏறிப்போச்சு, எங்க பில்லு மட்டும் அக்கவுன்ட்ஸ்லயே நிக்குது. கேட்டா "போர்ட்டல்ல உங்க பேரு ரெட்ல காட்டுதுங்க, கிரீன் ஆனாத்தான் பில் பாஸ் ஆகும்"ங்கறாங்க. தையல்ல கொறையில்ல, ரிஜெக்சன் இல்ல, சரக்கு அனுப்புன டீசி சீட்டெல்லாம் டேலி ஆகுது. அப்புறம் என்னங்க ரெட்டு?

கரண்ட் பில்லாமா. அதக் கொஞ்சம் விவரமா சொல்லோணுங்க.

எங்க யூனிட் இருக்கறது வாடகை பில்டிங். கீழ நாங்க ஓவர்லாக், பேட்லாக், சிங்கர்னு பத்துப் பன்னண்டு மெஷின் போட்டிருக்கறோம், மேல ஒருத்தர் லேபிள் அடிக்கறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே கரண்ட் சர்வீஸ், அது பில்டிங் ஓனரோட அப்பா பேர்ல இருக்குது, அவரு காலமாகி வருசமாச்சு. சப் மீட்டர் ரீடிங்க ஓனர் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தருவாரு, நாங்க ஜீபே பண்ணிருவோம். போர்ட்டல் என்ன கேக்குதுன்னா, ஜிஎஸ்டில இருக்கற அதே பேர்ல கரண்ட் பில்லு, அதுவும் பிடிஎஃப்ல, மாசாமாசம். ஓனர் பேர்ல இருக்கற பில்ல ஏத்துனா "பேரு ஒத்துப்போகல"ன்னு திருப்பியனுப்புது. துண்டுச் சீட்ட போட்டோ எடுத்துப் போட்டா அதையும் ஏத்துக்கல. பேர் மாத்திக் குடுங்கன்னு ஓனர்கிட்ட கேட்டா, வாரிசு சான்றிதழ்ல ஆரம்பிச்சு அண்ணன் தம்பி சொத்துப் பிரச்சனை வரைக்கும் இழுத்துட்டு, கடைசில "வேணும்னா வேற எடம் பாத்துக்கங்க"ங்கறாரு.

அடுத்த கேள்வி, ரூஃப்டாப் சோலார் எப்பப் போடப்போறீங்கன்னு. கூரையே எங்களுது இல்லீங்க! தண்ணி எத்தன கிலோ லிட்டர்னு இன்னொரு கட்டம். பவர் டேபிள்ல தண்ணிக்கு என்ன வேலை, குடிக்க கேன் தண்ணி, அப்புறம் பாத்ரூம், அவ்வளவுதான். பூஜ்யம்னு போட்டா அது ஒத்துக்காது, காலியா விட்டாலும் அடுத்த பக்கம் போகாது. கட்டிங் வேஸ்ட்ட எங்க போடறீங்கன்னும் கேக்குது. கட்டிங் உங்க கம்பெனிலயே நடக்குது, வேஸ்ட்ட நீங்கதான் கிலோ கணக்குல விக்கறீங்க, அந்தக் கணக்க எங்ககிட்ட கேட்டா எப்படிங்க?

இது அத்தனையும் இங்கிலீஷ்ல. ஒரு கம்பெனி போர்ட்டலுக்கு வருசச் சந்தா வேற, அதுவும் எங்க தலைலதான். நாலு கம்பெனிக்கு தச்சா நாலு பாஸ்வேர்டு, நாலு விதமான கேள்வி. நிரப்பித் தர்றேன்னு இதுக்குன்னே கன்சல்டன்ட் கெளம்பியிருக்கறாங்க, அவங்க ஃபீஸக் கேட்டா எங்க பீஸ் ரேட்டுல நூல் காசு கூட மிஞ்சாது.

சுத்துச்சூழல் வேண்டாம்னு சொல்றோம்னு நெனச்சுக்காதீங்க. 2011 ஜனவரில ஹைகோர்ட் ஆர்டர்ல சாயப்பட்டறை பூரா மூடுனப்ப துணி வராம மெஷின மூடி வெச்சு உக்காந்திருந்தவங்கதான் நாங்க. சாயத்தண்ணியால நொய்யல் ஆறு என்ன ஆச்சு, ஒரத்துப்பாளையம் டேமுக்குக் கீழ வெவசாயிங்க என்ன பட்டாங்கன்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாமுங்க. சாயத்தண்ணிய சுத்தம் பண்ணி திரும்ப ஓட்டறோம், காத்தாலைல கரண்ட் எடுக்கறோம்னு நீங்க வெளிநாட்டு ஃபேர்ல ஸ்டால் போட்டு சொல்றப்ப எங்களுக்கும் பெருமைதான். ஆனா அந்தப் பெருமைக்கு பையர் ஒரு சென்ட் கூட்டிக் குடுத்திருந்தா, அது எங்க வரைக்கும் வரலைங்க. எங்களுக்கு வந்தது லிங்க் மட்டும்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். சின்ன கம்பெனிகளுக்குன்னே எளிமையா ஒரு ஃபார்ம ஐரோப்பிய கமிஷன் 2025 ஜூலைல பரிந்துரை பண்ணியிருக்குது, பெரிய கம்பெனிங்க சின்ன சப்ளையர்கிட்ட கேக்கறத முடிஞ்சவரைக்கும் அதோட நிறுத்திக்கோணும்னும் சொல்லியிருக்குது. பையரோட ஊர்லயே எங்கள மாதிரி ஆளுக்கு எரக்கம் காட்டறாங்க, நடுவுல இருக்கற நீங்க எதுக்குங்க கூடுதலா கேக்கறீங்க?

பில்லு விசயத்துல சட்டமும் உங்களுக்குத் தெரியாததில்ல. எங்கள மாதிரி சின்ன யூனிட்டுக்குக் காசு குடுக்க, அக்ரிமென்ட் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாள், தாண்டுனா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்துல 43பி எச்ங்கற பிரிவு வந்தப்புறம், அப்படி நாள் தாண்டுன பில்லுக்கு காசு குடுக்கற வரைக்கும் அத வருமான வரில செலவா காட்ட முடியாதுன்னும் ஆயிருச்சு. பில்லு தாமதமானா முறையிடறதுக்குன்னு இருக்கற அரசாங்க போர்ட்டல்ல நாங்க கம்ப்ளைன்ட் போடலாம்தான். போட்டா அடுத்த சீசனுக்கு கட்டிங் பீஸ் எங்க வாசலுக்கு வருமா, நீங்களே சொல்லுங்க.

டெய்லருங்களுக்கு சனிக்கிழமையான்னா சம்பளம் குடுத்தாகோணும். போர்ட்டல்ல ரெட்டுங்க, கிரீன் ஆனதும் தர்றேன்னு ஒடிசாவுல இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கற பையன்கிட்ட நான் சொல்ல முடியுமா? போன ரெண்டு வாரமும் வீட்டு நகைய வெச்சுத்தான் சம்பளம் போட்டேன். நகைக்கடன் வட்டிய எந்தக் கட்டத்துல நிரப்பறதுன்னும் அந்த போர்ட்டல்ல ஒரு எடம் வெச்சுக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்.

சரி, கோவத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்கங்க. எல்லா கம்பெனியும் கூடிப் பேசி ஒரே ஃபார்மா போடுங்க, தமிழ்ல போடுங்க, வருசத்துக்கு ஒருக்கா கேளுங்க. வாடகை யூனிட்டுக்கு சப் மீட்டர் ரீடிங்க ஓனர் கையெழுத்தோட ஏத்துக்கங்க. ஃபார்ம்ல என்ன கொறை இருந்தாலும் சொல்லுங்க, சரி பண்றோம், பில்ல மட்டும் நிறுத்தாதீங்க. ஃபார்ம் தயார் பண்றப்ப எங்கள்ல நாலு பேரக் கூப்பிட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் வந்து உக்காந்து எது முடியும் எது முடியாதுன்னு சொல்லிடறோம்.

இப்போ நிக்கற பில்லு எந்தக் கம்பெனின்னு இங்க எழுதல, அவங்களுக்கே தெரியும். இந்த சனிக்கிழமைக்குள்ள பாஸ் பண்ணிக் குடுத்தா புண்ணியமா போகுமுங்க.

இப்படிக்கு,
உங்க துணியத் தைக்கற ஒரு பவர் டேபிள்காரன்